வாரை அறுத்த கை

"மேடம், என் வீட்டுக்காரர் இன்னைக்குச் சாயங்காலம் சார்ஜென்ட்டைப் பார்த்து, 'நான்தான் செஞ்சேன்'னு சொல்லப் போறார்!"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக சிமோன் சொன்னது இதுதான். தொப்பியில் அப்பியிருந்த பனியைத் தட்டவில்லை. பூட்ஸைக் கழற்றவில்லை. சேந்த்-ஒடீல் ஊரில் ஒருத்தி பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே நுழைகிறாள் என்றால் எங்கேயோ வீடு பற்றி எரிகிறது என்று அர்த்தம்.

துப்பறியும் கிஸ்லேன் துஃபூர் வாய்க்குக் கொண்டுபோன காப்பியை அப்படியே மேஜைமேல் வைத்தாள். அவளுடைய உதவியாளன் ஜெர்வே மட்டும் ரொட்டியில் கறி விழுதைத் தடவுவதை நிறுத்தவில்லை. இழவு வீட்டிலும் முதல் பந்தியில் உட்காருகிற ஜென்மம் அது.

"செஞ்சாரா?" என்று கேட்டான்.

"அவருக்கே தெரியலையே!" சிமோன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "பாஸீல் வண்டிக்குப் புது வார் மாட்டினது அவர்தான். பழசைக் கத்தியால அறுத்து எடுத்தாராம். அப்போ புதுசு மேலயும் கத்தி பட்டிருக்குமோ, கவனிக்காம விட்டுட்டேனோன்னு பொலம்ப ஆரம்பிச்சார். நேத்து 'பட்டிருக்கும்'னார். இன்னைக்குக் காலையில 'பட்டுச்சு'ங்கிறார். சத்தியம் பண்றார், மேடம்!"

 அந்த மனுஷன் அப்படிப் புலம்புவதற்குக் காரணம் கிஸ்லேனுக்கு நன்றாகவே தெரியும்.

பாஸீல் அந்த ஊர்ப் பனிவண்டி சங்கத்தின் பாதைத் தலைவர்; பனிமேல் மோட்டாரில் ஓடுகிற அந்த வண்டிகள் போகும் பாதைகள் அவர் பொறுப்பு. நாலு நாளைக்கு முன்னால், விடியற்காலையில், உறைந்து கிடந்த ஏரிக்கு அப்பால் காட்டுமேட்டில் அவருடைய வண்டி குப்புறக் கவிழ்ந்து பள்ளத்தில் போய் விழுந்தது. சிக்கூட்டிமி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், இன்னும் கண் திறக்கவில்லை. 'எங்களுக்கு என்னமோ சரியாப் படல' என்று சங்கத்தார் கிஸ்லேனை அழைத்தார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வருஷக்கணக்கில் நொறுங்கிய வண்டிகளைத் தடவிப் பார்த்துப் பழகியவள் அவள். வந்தாள், வண்டியின் அடியில் கையை விட்டாள், பின் சஸ்பென்ஷனின் நைலான் வார் இரண்டு துண்டாக வெளியே வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முந்தாநாள் மாலை ரெலேயில், பனிவண்டிக்காரர்கள் குளிர் காய்ந்து சூப் குடிக்கிற அந்த மரக் கொட்டகையில், ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, வாரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "இது தேய்ஞ்சு அறுந்ததில்ல. கத்தி போட்டு அறுத்தது. அறுத்தவனுக்கு பாஸீல் உயிரோட திரும்பக் கூடாதுன்னு எண்ணம்!" என்றாள். கை தட்டினார்கள். யாரோ ஒரு கிளாஸ் ஒயின்கூட வாங்கிக் கொடுத்தார்கள். அதை அவள் சிரித்துக்கொண்டே குடித்தாள்.

பேர் சொல்லவில்லை, வாஸ்தவம். சொல்லித்தான் ஆக வேண்டுமா? அந்த வண்டியை சர்வீஸ் செய்தவன் ஊரில் ஒரே ஒருத்தன், சிமோனின் புருஷன், மெக்கானிக் கில்பேர். போன வாரம்தான் பாஸீல் பத்துப் பேர் முன்னால், 'கிரீஸ் அடிக்கத் தெரியாதவன்லாம் ஸ்பேனரைத் தொடக் கூடாது' என்று அவன் மானத்தை வாங்கியிருந்தார். அறுநூறு கண்ணும் ஒரே பக்கம் திரும்பின.

"ஒரு ஈ காக்கா எங்க ஒர்க்‌ஷாப் பக்கம் வரல" என்றாள் சிமோன். "ரொட்டிக் கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கிறா. நீங்க அவர் பேரைச் சொல்லியிருந்தாகூடத் தேவலை, மேடம். வந்து உங்க தலைமுடியைப் பிடிச்சு உலுக்கியிருப்பேன். சொல்லாமச் சொன்னீங்களே, அதுக்கு நான் என்ன செய்ய?"

 கிஸ்லேன் கோட்டை எடுத்து மாட்டினாள்.

"சாயங்காலம் வரைக்கும் அவரை எங்கயும் விடாதீங்க. ஜெர்வே, எழுந்திரு!"

"ரொட்டி?"

"பாக்கெட்டுல போட்டுக்கோ."

---

சங்கத்தின் கொட்டகையில் வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பிணம் மாதிரி கிடந்தது. ஜெர்வே தார்ப்பாயை இழுத்தான்.

"தலைவரே, நாம இதை ஏற்கெனவே பார்த்தாச்சு. அன்னைக்கு நீங்க பார்த்த வேகத்துல வண்டியே வெட்கப்பட்டுப்போச்சு."

"பார்த்தேன். அறுப்பைப் பார்த்தேன். அதோட பார்க்கிறதை நிறுத்திட்டேன்." கிஸ்லேன் மண்டியிட்டாள். "பிடி, பக்கவாட்டுல சாய்ப்போம்."

இருவரும் முக்கி முனகி வண்டியைச் சாய்த்தார்கள். ரப்பர் பெல்ட்டுக்குள்ளே பின் சஸ்பென்ஷன் தெரிந்தது: இரண்டு நீள ரெயில்கள், முன்னால் ஓர் ஆர்ம், பின்னால் ஓர் ஆர்ம், ஷாக் அப்சார்பர்கள். பின் ஷாக்கின் தண்டு வளைந்திருந்தது. முன் ஆர்மும் வளைந்திருந்தது, அதுவும் நன்றாக.

"இது ஏன் வளைஞ்சுது?"

"மாட்டு வயிறு" என்றான் ஜெர்வே. பாதையில் வண்டிகள் ஓடி ஓடி எழும்புகிற, ராத்திரிதோறும் சமன்வண்டி ஓட்டிச் சீவி மட்டமாக்குகிற பனிமேடுகளை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். "வரிசையா நாலு மாட்டு வயித்துமேல வேகமா ஏறி இறங்கினா எந்த ஷாக்கும் கையெடுத்துக் கும்பிட்டுடும். எங்க சித்தப்பா வண்டி அப்படித்தான் போச்சு. சித்தப்பாவோட முன்பல்லும் அதோட போச்சு."

கிஸ்லேன் ஒவ்வொரு நட்டாகத் தடவிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றின்மேலும் நட்டிலிருந்து போல்ட்டுக்கு ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு. முறுக்கி முடித்ததும் மெக்கானிக் போடுகிற கோடு அது, நட்டு மயிரிழை தளர்ந்தாலும் கோடு விலகிவிடும். ஒன்றுகூட விலகவில்லை. கிரீஸ் ஏற்றுகிற முனைகளில் எல்லாம் புதுக் கிரீஸ் பிதுங்கிக்கொண்டு நின்றது. வண்டியைச் சாய்த்தால்தான் எட்டும் அந்த உள்முனையிலும் இருந்தது, சோம்பேறிகள் எல்லாம் விட்டுவிடுகிற முனை அது.

"தங்கமான வேலை" என்று முணுமுணுத்தாள். "இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சவன் வார்மேல கத்தி பட்டதைக் கவனிக்காம விடுவானா?"

"அவரே பட்டுச்சுங்கிறாரே."

"இப்ப அந்த ஆளைப் பார்த்து, 'சந்திரன்ல பள்ளம் தோண்டினது நீதானே'ன்னு கேட்டாலும் ஆமாம்பான்."

எழுந்து இரண்டடி நடந்த ஜெர்வே தன் பூட்ஸ் கயிற்றையே மிதித்துத் தடுமாறி, அந்த ஊர் வழக்கப்படி கோயில் சாமான்களை எல்லாம் இழுத்துத் திட்டினான். பலிபீடத்தில் ஆரம்பித்துப் பூசைக் கிண்ணம் வரை ஒன்றையும் விடவில்லை.

"என்னடா?"

"கயிறு, தலைவரே. நேத்து வாசல்ல கதவிடுக்குல மாட்டிக்கிச்சு, கத்தியால அறுத்து விட்டேன். இன்னைக்குப் பாருங்க, நுனி எப்படி ஆயிப்போச்சு! துடைப்பம் தோத்துது."

உண்மைதான். ஒரு நாள் நடையிலேயே அறுத்த நுனி நூல் நூலாகப் பிரிந்து விரிந்துவிட்டிருந்தது. கிஸ்லேன் அதைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து வாரின் துண்டை எடுத்து அதையும் பார்த்தாள். இரண்டு நுனிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ஜெர்வே, இந்த வார் எதுக்கு இருக்கு?"

"முன் ஆர்ம் ரொம்பக் கீழ இறங்கிடாம பிடிச்சு நிறுத்த."

"வண்டி ஓடும்போது இதுக்கு மேலயும் கீழயும் என்ன சுத்துது?"

"ரப்பர் பெல்ட்டு. பல்லு பல்லா."

"கிளம்பறதுக்கு முன்னாடியே யாராவது இதை அறுத்திருந்தா, ஊர்லேர்ந்து ஏரி தாண்டி, காட்டுமேடு வரைக்கும் இந்த நுனி ரெண்டும் அந்தப் பல்லுல அடிபட்டுக்கிட்டே வந்திருக்கும். உன் பூட்ஸ் கயிறு ஒரு நாள் நடையில துடைப்பம் ஆச்சு. இது என்ன ஆகியிருக்கணும்?"

ஜெர்வே வாரை வாங்கிப் பார்த்தான். நறுக்கென்று, இறைச்சிக் கடையில் சீவின துண்டு மாதிரி இருந்தது அறுப்பு. ஒரு நூல் பிரியவில்லை.

"அப்படின்னா..."

"வண்டி நின்னதுக்கப்புறம் அறுத்தது. கவிழ்ந்ததுக்கப்புறம்." அவள் வாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "முந்தாநாள் நான் இதையேதான் கையில வச்சிருந்தேன். கத்தின்னு சொன்னேன். எப்போன்னு கேட்கத் தோணலை எனக்கு. அறிவு கெட்டவ!"

ஜெர்வே வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது கிண்டல் அடிப்பான். அடிக்கவில்லை.

"கவிழ்ந்து கிடக்கிற வண்டியோட வாரை ஒருத்தன் ஏன் அறுப்பான், தலைவரே?"

"பாஸீலுக்கு எந்தக் கால் உடைஞ்சிருக்கு?"

"இடது. முழங்காலுக்குக் கீழ."

"படு."

"என்னது?"

"வண்டி பக்கத்துல படுடா. காலை உள்ள விடு."

ஜெர்வே முனகிக்கொண்டே படுத்து, முன் ஆர்முக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் பூட்ஸை நுழைத்தான். கிஸ்லேன் புது வார் ஒன்றை எடுத்து ஆர்மை இழுத்துக் கட்டினாள். பூட்ஸ் கவ்விக்கொண்டது. இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"தலைவரே, வலிக்குது! விளையாடாதீங்க!"

அவள் முடிச்சை அவிழ்த்தாள். ஆர்ம் கதவு மாதிரி திறந்துகொண்டது. கால் வெளியே வந்தது.

"அறுத்தவன் கொல்லல" என்றாள் கிஸ்லேன். "காப்பாத்தியிருக்கான். அவர் ஹெல்மெட்டைக் கழட்டி வச்சு, தலையில குல்லாய் மாட்டி, கயிறு தாடைக்குக் கீழ இரட்டை முடிச்சுப் போட்டிருந்துதுன்னு ஆம்புலன்ஸ்காரங்க சொன்னாங்களே. வலது மணிக்கட்டு உடைஞ்சவர் எப்படி இரட்டை முடிச்சுப் போடுவார்? யாரோ அவரை வெளியே இழுத்து, குளிருக்கு இதமா கட்டிவிட்டு, போயிருக்கான்."

"போனவன் ஏன் வாயைத் திறக்கல?"

அதுதான் கேள்வி. கிஸ்லேன் தார்ப்பாயை மூடினாள். 

---

பாஸீலைக் கண்டெடுத்தது ஒன்டாரியோவிலிருந்து வந்திருந்த வெண்டல் என்ற பெரியவரும் அவர் மனைவி ஐரிஸும். ரெலேயில் பட்டாணி சூப்பில் முக்கிமுக்கி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். கிஸ்லேன் உள்ளே வந்ததும் நாலு பேர் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார்கள். அவளுக்கு உடம்பு கூசியது.

"இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்று அவர்கள் எதிரில் உட்கார்ந்தாள். "ஏரியைத் தாண்டினதிலேர்ந்து."

"என்னத்தைச் சொல்றது, அம்மா" என்றார் வெண்டல். "ஏரிக்கரையில ஏறினோம். பாதை அப்படியே மேஜை விரிப்பு மாதிரி! இவ சொன்னா, 'ஏங்க, நம்ம ஊர்ல ஒரு நாளாவது இப்படிப் பாதை போட்டிருக்கானா?'ன்னு."

"சீப்பால வாரின மாதிரி கோடு கோடா இருந்துது" என்றாள் ஐரிஸ். "எனக்கு அதுமேல வண்டி ஓட்டவே மனசு வரல. எங்களுக்கு முன்னாடி ஒருத்தர்கூடப் போகலை பாருங்க. ஒரு தடம் கிடையாது. முதல் தடம் எங்களோடதுதான்."

ஜெர்வேயின் ரொட்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"பாட்டிம்மா" என்றான் மெல்ல, "ஏரிக்கரையிலேர்ந்து பாஸீல் கிடந்த இடம் வரைக்கும் ஒரு தடம்கூட இல்லையா?"

"இல்லைங்கிறேனே! இடது பக்கம் பள்ளத்துல வண்டி. வலது பக்கம் மரத்தடியில அந்த மனுஷர். நடுவுல பாதை பட்டு மாதிரி."

கிஸ்லேன் எழுந்தாள். வெளியே வந்து ஜெர்வேயின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லு."

"பாஸீலும் அதே ஏரிக்கரையிலேர்ந்துதான் வந்தார். அவர் வண்டித் தடம் எங்க? பறந்தா போனார்? இடது பக்கம் விழுந்தவரை வலது பக்கம் இழுத்துட்டுப் போயிருக்கு. இழுத்த தடம் எங்க?" ஜெர்வேக்கு மூச்சு வாங்கியது. "தலைவரே, அவர் விழுந்ததுக்கப்புறம் யாரோ பாதை போட்டிருக்கான்!"

"இன்னும் இருக்கு. மேஜை விரிப்பு மாதிரி பாதையில ஷாக்கும் ஆர்மும் எப்படி வளையும்? அவர் வந்தப்போ அது மேஜை விரிப்பா இல்ல. மாட்டு வயிறா இருந்துது. ராத்திரி போட வேண்டிய பாதையை ராத்திரி போடல."

இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஊரில் ராத்திரி சமன்வண்டி ஓட்டிப் பாதை போடுகிறவர் ஒருத்தர்தான். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். கல்யாணம், கருமாதி எதற்கும் வாத்தியம் வாசிப்பார். விபத்து நடந்த மறுநாள், 'நடுராத்திரிக்கு முன்னாடியே போட்டு முடிச்சுட்டேன், யாரையும் பார்க்கலை' என்று கிஸ்லேனிடமே சொன்னவர்.

"ஒனொரே மாமாவா?" ஜெர்வேக்கு நம்ப முடியவில்லை. "அவர் ஈயைக்கூட வெளியே வழியனுப்பி வைக்கிறவர் ஆச்சே!"

---

ஒனொரே தன் ஷெட்டில் சமன்வண்டியின் பின்னால் குனிந்து, பாதையைச் சீவுகிற இரும்புப் பலகையில் ஒட்டியிருந்த பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய ஆள், தடித்த கை, சிவந்த மூக்கு. இவர்களைப் பார்த்ததும் சுரண்டுவதை நிறுத்தினார்.

"வாங்க வாங்க. காப்பி போடட்டுமா?"

"மாமா, பாஸீல் எப்போலேர்ந்து பறக்கக் கத்துக்கிட்டார்?" என்றான் ஜெர்வே.

"என்னடா உளர்றே?"

"அவர் வண்டி ஏரிக்கரையிலேர்ந்து காட்டுமேடு வரைக்கும் தடமே இல்லாம போயிருக்கு. இறக்கை ஏதாவது மாட்டிவிட்டீங்களான்னு கேட்டேன்."

ஒனொரே சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

கிஸ்லேன் முன்னே வந்தாள். மிரட்டுகிற குரல் அவளுக்கு வரவில்லை. "நடுராத்திரிக்கு முன்னாடி பாதை போட்டிருந்தா, அதுக்கு மேல அவர் தடம் இருந்திருக்கணும், அண்ணே. இல்ல. அவர் விழுந்ததுக்கு அப்புறம்தான் நீங்க அந்த வழியா வந்திருக்கீங்க. அவரைப் பார்த்தீங்க. கால் மாட்டியிருந்துது. வாரை அறுத்தீங்க. மரத்தடிக்கு இழுத்துட்டுப் போனீங்க. குல்லாயைக் கட்டிவிட்டீங்க. அப்புறம் வண்டியில ஏறி எல்லாத்தையும் சீவிட்டுப் போயிட்டீங்க."

 ஒனொரே பாக்கெட்டில் கையை விட்டு ஒரு மடக்குக் கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதைத் தொட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஏரிமேல மீன்பிடிக் குடிசையில சீட்டாடிக்கிட்டிருந்தேன்" என்றார். "முந்தின ராத்திரியும் அப்படித்தான். ரெண்டு ராத்திரி பாதை போடல. குடிச்சேன், தூங்கிட்டேன். விடிஞ்சப்போதான் முழிச்சேன். பதறிக்கிட்டு, ஏரிக்கரையிலேர்ந்தே பாதையைச் சீவிக்கிட்டுக் கிளம்பினேன். மேட்டுல ஏறினா... பாஸீல். 'பாதை ஏன் இப்படிக் கிடக்கு'ன்னு பார்க்க வந்திருக்கான், பாவி. என்னைத் தேடித்தான் வந்திருக்கான்."

"ரேடியோவுல கூப்பிட்டிருக்கலாமே, மாமா?" ஜெர்வேயின் குரலில் கிண்டல் போன இடம் தெரியவில்லை.

"கையில எடுத்தேன்டா. எடுத்தேன். அப்போ கீழ ஏரிமேல ரெண்டு வண்டி வெளிச்சம் தெரிஞ்சுது. வந்துகிட்டிருக்காங்க, பார்த்துடுவாங்கன்னு..." அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "இந்த ஊர்ல திருடினாக்கூட மன்னிச்சுடுவாங்க. பாதை போடாதவனை மன்னிக்க மாட்டாங்க. எங்க அப்பாவும் இதே வேலைதான் பார்த்தார். அந்த நேரத்துல என் புத்தி அதை மட்டும்தான் நினைச்சுது. பலகையை மறுபடி இறக்கிட்டு ஓட்டினேன். திரும்பிப் பார்க்கலை."

ஜெர்வே எட்டிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். கிஸ்லேனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது ஒனொரேமேல் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை, அந்த நிமிஷம் வரைக்கும்.

"சரி, பயந்துட்டீங்க. அது ஒரு நாள். கில்பேரை ஊரே துப்புதே, அதைப் பார்த்துக்கிட்டு எப்படிங்க சும்மா இருந்தீங்க? மனசாட்சின்னு ஒண்ணு இல்ல?"

ஒனொரே தலையை நிமிர்த்தினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வை அவளை விட்டு விலகவில்லை.

"முந்தாநாள் சாயங்காலம் ரெலேக்கு நான் எதுக்கு வந்தேன்னு நினைக்கறே, அம்மா? சொல்லத்தான் வந்தேன். பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டு, குளிச்சு, நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்தேன். நீ எழுந்து நின்னு முடிச்சதும் பேசலாம்னு கதவுகிட்டயே நின்னேன். நீ அந்த வாரைத் தூக்கிப் பிடிச்சே. 'இதை அறுத்தவனுக்கு பாஸீல் உயிரோட திரும்பக் கூடாதுன்னு எண்ணம்'னே. எல்லாரும் கை தட்டினாங்க. என் பாக்கெட்டுல கத்தி இருக்கு. அதுக்கு மேல நான் எப்படி வாயைத் திறப்பேன்? யார் நம்புவா? நீயே நம்பியிருப்பியா?"

கிஸ்லேன் மேஜைமேல் கிடந்த கத்தியைப் பார்த்தாள். உண்மை தன் காலால் நடந்து அவளிடம் வந்திருக்கிறது. கதவு வரைக்கும் வந்த அதைத் தன் வாயாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறாள். அதற்கு ஒரு கிளாஸ் ஒயின் வேறு.

"நம்பியிருக்க மாட்டேன்" என்றாள்.

ஒனொரே கோட்டை எடுத்தார். "சார்ஜென்ட் எப்போ வர்றார்?"

"வந்திருப்பார். ஜெர்வே, வண்டியை எடு!"

---

ரெலேயின் நடு மேஜையில் சார்ஜென்ட் லவுவா உட்கார்ந்திருந்தார். எதிரில் கில்பேர். ஒல்லியான மனிதன், கழுவிக் கழுவித் தோல் வெடித்த கை. பக்கத்தில் சிமோன், புருஷன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பிடித்து வைத்தால் எழுந்து போகமாட்டான் என்பதுபோல. சுற்றிலும் ஊர். சூப் யார் தட்டிலும் குறையவில்லை.

"பேச ஆரம்பிச்சுட்டாரா?" என்று வாசலிலேயே கத்தினாள் கிஸ்லேன்.

"இப்பத்தான்" என்றார் சார்ஜென்ட்.

"நிறுத்துங்க. முதல்ல நான் பேசணும்." மூச்சு இரைக்க நடுவில் வந்து நின்றாள். அன்றைக்கு நின்ற அதே இடம். "முந்தாநாள் இங்கே நான் சொன்னது தப்பு. வாரைக் கத்தியால அறுத்தது நிஜம். ஆனா அறுத்தது பாஸீலைக் காப்பாத்த. கில்பேர் செஞ்ச வேலையில ஒரு நட்டு தளரலை. ஒரு குத்தம் கிடையாது. குத்தம் என்மேல."

யாரும் கை தட்டவில்லை. அவள் விலகிக்கொள்ள, ஒனொரே முன்னால் வந்தார். சொன்னார். சீட்டு, குடி, தூக்கம், ஏரிமேல் தெரிந்த வெளிச்சம், எதையும் மறைக்கவில்லை. பாதை போடவில்லை என்று அவர் சொன்னபோது பின்வரிசையில் ஒருத்தர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். ரொட்டிக் கடைக்காரி அழுதாள். சார்ஜென்ட் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க என்னோட வரணும்" என்று ஒனொரேயைப் பார்த்துச் சொன்னார். அவர் தலையாட்டினார். சிமோன் எழுந்து அவரை அறைவதற்குக் கையை ஓங்கி, பிறகு என்ன நினைத்தாளோ, அப்படியே கீழே விட்டாள்.

"முடிஞ்சுதுங்க, வாங்க வீட்டுக்குப் போவோம்" என்று புருஷனைத் தட்டினாள்.

கில்பேர் எழுந்திருக்கவில்லை.

"இல்ல" என்றான். "கத்தி பட்டுச்சு."

"அண்ணே, அதான் அவரே சொல்லிட்டாரே!" ஜெர்வே பக்கத்தில் போய்க் குந்தினான். "உங்க பெயின்ட் கோடு ஒண்ணுகூட விலகலை. நான் என் கண்ணால பார்த்தேன். என் காலை உள்ள விட்டு வேற பார்த்தேன், இன்னும் வலிக்குது."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, தம்பி. புது வார்ல ஒரு வெட்டு. பளிச்சுன்னு தெரிஞ்சுது. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

 சிமோன் வாயைப் பொத்திக்கொண்டாள். கிஸ்லேன் அவன் எதிரில் மண்டியிட்டாள்.

"கில்பேர், என்னைப் பாருங்க. அந்த வெட்டைப் பார்த்தப்போ நீங்க எங்க இருந்தீங்க? ஒர்க்‌ஷாப்லயா?"

அவன் யோசித்தான். நெற்றி சுருங்கியது. ஏதோ ஒன்றைத் தேடி உள்ளே வெகுதூரம் போய்விட்டு வந்தவன் மாதிரி அவளைப் பார்த்தான்.

"இல்ல" என்றான் மெதுவாக. "இங்கதான் இருந்தேன், மேடம். அந்த மூலையில உட்கார்ந்திருந்தேன். உங்க கையிலதான் பார்த்தேன்."